கோதாரி

எங்கள் தெருவில் சண்டை முற்றினால்
கடைசியாக வந்து விழும் சொல்:
"கோதாரியில போவான்."
அதற்கு மேல் வசை கிடையாது.

வாந்திபேதியின் அந்தப் பழைய பேரை
பேர்ன் நகரில், மூன்றாம் மாடியில்,
நான்கு பாகைக் குளிரில் அடுக்கி வைத்திருக்கிறேன்.
கிருமியை அல்ல, அதன் நஞ்சை.
நஞ்சையும் முழுதாக அல்ல.

ஐந்து விரல் உள்ள ஒரு கை அது. கையில் கத்தி.
குடலின் தோலில் தொங்கும் ஒரு சர்க்கரைக் கொளுக்கியை
விரல்கள் தேடிப் பிடிக்கும்.
கத்தி உள்ளே இறங்கும்.
உடம்பின் தண்ணீர் மடை திறக்கும்.

கத்தியில் அறுபத்து மூன்றாம் எழுத்தை மட்டும் மாற்றினோம்.
மழுங்கிவிட்டது. கை அப்படியே.
நஞ்சுக்கு ஒரு கொம்பு வைத்தால் நெஞ்சு.
இதை டாக்டர் எக்லிக்கு ஜெர்மனில் சொல்லப் போய்த் தோற்றேன்.

ஆலகாலம், நீலகண்டம் என்று தொடங்காதே,
தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன்.
தொண்டையில் நிற்கிற விஷமில்லை இது.
மூக்குக்குப் போவது.

மூக்கு ஒரு சோம்பேறிக் காவல்காரன்.
தூசி, மகரந்தம், அடுத்த வீட்டு வெண்ணெய்க் கருகல்
எல்லாரும் தெரிந்தவர்களே அவனுக்கு.
செத்த காய்ச்சல் கிருமியைத் தனியே அனுப்பினால்
கொட்டாவி விடுவான்.
கூடவே இந்தக் கை போய்க் கதவை உலுக்க வேண்டும்,
அவன் எழுந்து "ஆர்?" என்று கேட்க.

கீழே ஓடும் ஆற்றுக்கு ஆரே என்று பேர்.
எங்கள் பேச்சில் அது பாதிக் கேள்வி.
பாலத்தில் பதில் சொல்லாமல் நடப்பேன்.

ஜனவரியில் தன்னார்வலர்கள் வந்தார்கள்,
ஊசி இல்லை என்ற சந்தோஷத்தோடு.
இடது துளையில் ஒன்று, வலது துளையில் ஒன்று.
"மூச்சை இழுங்கள்."
என் ஜெர்மனில் பிழையே இல்லாத வாக்கியம் அதுதான்.

எழுபத்து நான்காம் எண், ரெகுலா ஸ்டெட்லர்.
வோர்ப் ஊரின் பித்தளை வாத்தியக் குழுவில் ட்ரம்பெட்.
ஐம்பதாம் நாள் திரும்பி வந்து சிரித்தார்.
சிரிப்பில் பாதிதான் வந்தது.
இடது கண் மூட மறந்திருந்தது.
நான் கொடுத்த தேநீர்
வாயோரமாக இறங்கிக் கோட்டை நனைத்தது.

அறையில் எல்லாரும் ஒரே சொல்லைத் தேடினார்கள்: தற்செயல்.
குளிரில் வருவதுதான். ஜன்னலோரம் தூங்கினால் வருவதுதான்.
எக்லி முகவாதத்தின் ஆண்டுக் கணக்கை எடுத்து வந்தார்.
பிறகு இன்னொருவர்.
மூன்று வாரம் கழித்து ஒரு தபால்காரர்.
தற்செயலுக்கு மூன்று முகம், மூன்றும் கோணல்.

அதே சர்க்கரைக் கொளுக்கி
நரம்பின் மேலும் தொங்குகிறது.
புத்தகத்தில் இருந்தது. படித்துமிருந்தோம்.
எந்த வீட்டுக் கொளுக்கி என்று விரல்கள் பார்ப்பதில்லை.
கத்தி இல்லாத கையும் பிடித்தால் பிடித்ததுதான்.
நிரூபணம் இல்லை.
"இருக்கலாம்" என்ற சொல்லின் "லாம்" இல்
வசந்தம் முழுக்க வேலை பார்த்தேன்.

உள்ளே என்ன இருந்தது, ரெகுலா கேட்டார்.
ஒரு கை, என்றேன்.
அவர் தன் கையைப் புரட்டிப் பார்த்தார்.
கைப்பையிலிருந்து ட்ரம்பெட்டின் வாய்க்குமிழை எடுத்து
உதட்டில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது.
"மூடுபனி," என்றார். "பேர்னில் அதற்கா பஞ்சம்."

சோதனை நின்றது. குப்பிகளை எரிக்கவில்லை;
அடுத்த விண்ணப்பத்தில் நாக்கின் அடி என்று எழுதியிருக்கிறது.
காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வாசல் வேண்டும்தானே,
எங்களுக்கும் வேண்டும்.

மே மாதத்து ஞாயிறு தொலைபேசி அடித்தது.
தூக்கக் கலக்கத்தில் "ஆர்?" என்றேன்.
மறுமுனையில் பேச்சு இல்லை.
ஒரே ஒரு ஸ்வரம்,
ஓரத்தில் காற்றுக் கசிய,
நடுங்கி, நின்று, மறுபடி பிடித்து.

நான் பழக்கத்தில் நேரம் குறித்தேன்:
பதினொரு விநாடி.